நாள்பட்ட முதுகு வலியும் நரம்பு வலியும் உள்ளவர்களின் பயணங்கள்: அனுபவப் பகிர்வு

முதல் பதிவு

இடுப்பின் கடைசி டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டு) பிதுங்கி அங்கிருந்து கிளம்பும் நரம்பை அழுத்துவதால், பின்தொடையில் தொடங்கிக் கால் சுண்டுவிரல் வரை எரிச்சலும் மரத்துப்போதலுமாகப் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். வேலையின் காரணமாக நெடுந்தூரப் பயணங்களைத் தவிர்க்க முடிவதில்லை. எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் பயண அறிவுரைகளில் பெரும்பகுதி தலையணை, இடுப்புப் பட்டை, தைலம் என்று பொருள்களைப் பற்றியே இருக்கிறது. அவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த இருக்கையில் உட்கார்ந்தேன் என்பதைவிட, எவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்தேன் என்பதே என் அடுத்த சில நாள்களின் வலியைத் தீர்மானித்திருக்கிறது.

வலி தொடங்கிய பிறகு எழுவதில் பயன் குறைவு, தொடங்கும் முன்பே எழுந்துவிட வேண்டும் என்று என் இயன்முறை மருத்துவர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். நாள்பட்ட வலியில் நரம்பு ஒருமுறை சீண்டப்பட்டால் அது அடங்குவதற்கு மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் ஆகிறது. ஆகவே வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் காலில் எரிச்சல் தலைகாட்டுகிறது என்பதைக் கவனித்து, அதைவிடச் சற்றுக் குறைந்த நேரத்தை என் எல்லையாக வைத்துக்கொண்டேன். கைக்கடிகாரம் அந்த நேரத்தில் அதிர்ந்ததும், எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுந்துவிடுவேன். நன்றாக இருக்கும்போது எழுவதுதான் கடினம். ஆனால் நாளைக் காப்பாற்றுவது அதுதான். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்பவர்களுக்குக் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது.

ஓர் இரவு விமானத்தில் எனக்கு நடு இருக்கைதான் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் உறங்கத் தொடங்கும் முன்பே, "ஐயா, எனக்கு முதுகில் நரம்பு அழுத்தம் இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டியிருக்கும். உங்கள் உறக்கம் கெடாதிருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் தம் நடைபாதை ஓர இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டார். தம் தாயாருக்கும் இதே தொல்லை உண்டு என்றும், அவர் யாரிடமும் வாய் திறந்து கேட்காமலே பயணங்களை நிறுத்திக்கொண்டார் என்றும் சொன்னார். அந்தச் சொற்கள் என்னை மிகவும் பாதித்தன. வெளியே தெரியாத வலியைப் பிறர் தாமாக ஊகிப்பார்கள் என்று எதிர்பார்க்க இயலாது. விமானத்தில் ஏறும்போதே பணிப்பெண்ணிடம் ஒரு வரி சொல்லிவைத்தால், பின்பக்கத்தில் நிற்க அவர்களே இடம் காட்டுகிறார்கள். இருக்கைப் பட்டை அணியும் விளக்கு எரியும் நேரங்களில் மட்டும் எழ முடியாது. அப்போது இடுப்பெலும்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்ப்பதும், உடல் எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுவதும், கணுக்காலை மடக்கி நீட்டுவதும் ஓரளவு உதவுகின்றன.

சாலைப் பயணத்தில் குலுக்கல் என்ற தனிச் சிக்கல் சேர்ந்துகொள்கிறது. உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 முறை வரும் அதிர்வுக்குத்தான் மிக அதிகமாக ஆடுகிறது; பேருந்துகளின், கார்களின் அதிர்வில் பெரும்பங்கு அந்த எல்லையிலேயே விழுகிறது. எனவே பேருந்தில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள இருக்கையையே கேட்டு வாங்குகிறேன். பின் சக்கரத்துக்கு மேலேயோ அதற்குப் பின்னாலோ அமர்வதில்லை. இரயில் பெட்டியிலும் நடுப்பகுதியே நல்லது. விமானத்தில் இறக்கைகளை ஒட்டிய வரிசைகளில் ஆட்டம் குறைவாக உணரப்படும்.

இருக்கையில் நான் கவனிப்பவை சிலவே. பின் பையில் பணப்பை இருக்கக் கூடாது. அது இடுப்பை ஒரு பக்கம் தூக்கி, பிட்டத்தின் வழியே இறங்கும் நரம்பை நேரடியாக அழுத்துகிறது. துண்டைச் சுருட்டி இடுப்பின் குழிவில் வைக்கிறேன், அதற்கு மேலே அல்ல. முதுகுச் சாய்வைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால், நிமிர்ந்து உட்காரும்போது டிஸ்கின் மேல் விழும் சுமையில் ஒரு பங்கைச் சாய்வே தாங்கிக்கொள்கிறது.

போய்ச் சேர்ந்த உடனே பெட்டியைத் தூக்குவதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். நெடுநேரம் கூனி உட்கார்ந்ததில் முதுகின் தசைநார்கள் தளர்ந்திருக்கும். அவை பழைய நிலைக்கு மீளும் முன் குனிந்து, அதுவும் உடலைத் திருகியபடி எடை தூக்கினால், பயணம் முழுவதும் காத்த காப்பு அந்த ஒரு நொடியில் வீணாகிவிடும். சில நிமிடங்கள் நடந்த பிறகே பெட்டி வரும் பட்டையை நெருங்குகிறேன்.

மறுமொழி: தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம் உள்ளவர்

மேலே எழுதிய அன்பரின் அனுபவம் பலருக்குப் பொருந்தும். எனக்கு அதில் பாதி நேர்மாறானது என்பதால் எழுதுகிறேன். எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. என் முதுகெலும்பில் நரம்புகள் செல்லும் பாதையே குறுகியிருக்கிறது. உட்கார்ந்தால் எனக்கு வலி இல்லை. நிமிர்ந்து நின்றாலும் நடந்தாலும்தான் இரு கால்களும் கனத்து, மரத்து, அடுத்த அடி வைக்க முடியாமல் போகின்றன; முன்னால் குனிந்தால் அந்தப் பாதை சற்று விரிவதால் உடனே ஆறுதல் கிடைக்கிறது. டிஸ்க் பிதுக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோர்க்குக் குனிவதே பகை. ஆகவே பிறர் சொல்லும் உத்தியைப் பின்பற்றும் முன், தம் வலி எந்த நிலையில் கூடுகிறது, எந்த நிலையில் குறைகிறது என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டுகிறேன். இடுப்பு வளையாமலிருக்க முதுகுக்குப் பின்னால் துண்டு வைப்பது அவருக்கு மருந்து, எனக்குத் தொல்லை.

எனக்கு விமானப் பயணத்தில் துன்பம் தருபவை வரிசைகளும் நீண்ட நடைகளுமே. சக்கர நாற்காலி உதவி கேட்க நெடுங்காலம் மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் என்னால் நடக்க முடியும், சிறிது தூரம். ஒருமுறை உதவியாளர் இளைஞர் ஒருவர் என் தயக்கத்தைக் கண்டு, "நடக்க முடியாதவர்களுக்கு மட்டுமல்ல அம்மா, நடந்தால் துன்பப்படுபவர்களுக்கும் இது உரியதுதான்" என்றார். அன்று முதல் முன்பதிவின்போதே கேட்டுவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 எண் ஒழுங்குமுறைப்படி விமான நிலையங்களில் இந்த உதவி கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு முன் தெரிவிப்பது முறை. வேறு இடங்களிலும் அதே கால அளவை வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. உதவி இல்லாத இடங்களில் பெட்டி ஏற்றும் தள்ளுவண்டியைப் பிடித்து அதன்மேல் சற்றுச் சாய்ந்து நடக்கிறேன். வெறுங்கையோடு நடப்பதைவிட அதிக தூரம் செல்ல முடிகிறது.

மறுமொழி: கழுத்து நரம்பு வலி உள்ளவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். கழுத்தைச் சுற்றும் பயணத் தலையணையின் தடித்த பகுதி பின்னால் இருந்தால் அது தலையை முன்னே தள்ளுகிறது. எனக்குக் கைவிரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு அதனாலேயே கூடியது. தடித்த பகுதி மோவாய்க்குக் கீழே வரும்படி திருப்பி அணிந்த பிறகு, உறக்கத்தில் தலை முன்னே சரிவது நின்றது. கைப்பேசியை மடியில் வைத்துப் பார்க்காமல் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடிப்பதும் அதே அளவு முக்கியம்.

மறுமொழி: நீண்ட காலமாக மருந்து உட்கொள்பவர்

மருந்துகளைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. ப்ரீகாபலின், காபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்துகளைத் திடீரென நிறுத்தக் கூடாது. ஆகையால் பெட்டி தொலைந்தாலும் தடைபடாதபடி, அவற்றை மருந்துச் சீட்டோடும் மூல உறையோடும் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். நேர மண்டலங்களைக் கடக்கும்போது வேளைகளை எப்படி நகர்த்துவது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுகிறேன். மயக்கமும் தலைச்சுற்றலும் தரக்கூடிய மருந்துகள் என்பதால், புதிய மருந்தையோ கூட்டிய அளவையோ பயண நாளில் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாகனம் ஓட்டுவதாக இருந்தால் அறவே கூடாது.

ஒரு பாதுகாப்புச் சோதனையில் அதிகாரி என் மாத்திரை உறையை நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். மருத்துவரின் கடிதத்தில் நோயின் பெயரும் மருந்தின் வேதிப்பெயரும் ஒரு நாளைக்குரிய அளவும் இருந்ததால், படித்ததும் மரியாதையோடு அனுப்பிவைத்தார். இந்தக் கடிதம் வெறும் சடங்கல்ல. பிரிட்டனில் 2019 ஏப்ரல் முதல் மேற்சொன்ன இரண்டு மருந்துகளும் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. ஐக்கிய அரபு அமீரகம், எகிப்து போன்ற நாடுகளில் டிரமடால் என்ற வலி மருந்துக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. செல்லும் நாட்டின் விதியை அந்நாட்டுத் தூதரகத்தின் வழியே முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். வலியைக் குறைக்கத் தோலின்மேல் ஒட்டிப் பயன்படுத்தும் மின்தூண்டல் கருவி வைத்திருப்பவர்கள் அதன் உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும். முதுகுக்குள் தூண்டுகருவி பொருத்தப்பட்டவர்கள் அதற்குரிய அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கும்படி கேட்கலாம்.

சூடு தரும் ஒட்டுப்பட்டைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள்: மரத்துப்போன தோலின்மேல் அவற்றை ஒட்டிக்கொண்டு உறங்காதீர்கள். தோலுக்கு உணர்வு இல்லாததால் தீப்புண் உண்டாவதுகூடத் தெரியாது.

முதல் பதிவர்

அனைவருக்கும் நன்றி. தங்குமிடத்தில் கட்டாந்தரையில் படுக்கலாமா என்று ஒருவர் தனியே கேட்டிருந்தார். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் நடத்தி 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையே கூடுதல் நன்மை தந்தது. ஆகவே தரையில் இறங்கத் தேவையில்லை. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையும், மல்லாந்து படுத்தால் முழங்கால்களுக்கு அடியில் ஒன்றும் வைத்துக்கொண்டால் போதும். இரவில் டிஸ்குகள் நீரை உறிஞ்சிப் பருத்திருப்பதால், காலையில் எழுந்தவுடன் குனிந்து பெட்டி அடுக்குவதைத் தவிர்த்து, முந்தின இரவே அடுக்கி முடிப்பது நல்லது.

பயணத்தில் வலி கூடினால் எப்போது பொறுத்துக்கொள்வது, எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது என்பதையும் அவர் கேட்டிருந்தார். வழக்கமான இடத்தில் வழக்கமான வலி கூடினால், ஓய்வும் மெதுவான நடையும் மருந்துமாகச் சமாளிக்கிறேன். ஆனால் சிறுநீரையோ மலத்தையோ அடக்க இயலாமை, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளுதல், தொடைகளுக்கு நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வற்றுப்போதல், இரு கால்களிலும் புதிதாகத் தளர்ச்சி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தண்டுவடத்தின் அடிப்பகுதி நரம்புக் கொத்து நசுங்குவதாக இருக்கலாம். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், இருக்கும் இடத்திலேயே பயணத்தை நிறுத்தி, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும். அந்த நிலையில் மணிக்கணக்கில் தாமதித்தாலும் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.