ரொம்ப சிம்பிளான லவ் நாவல், ஆனா மனசை விட்டுப் போக மாட்டேங்குது

நேத்து நைட் ஒரு நாவல் முடிச்சேன் ஃப்ரெண்ட்ஸ். வில்லன் இல்ல, ட்விஸ்ட் இல்ல, பெரியவங்க பேசி முடிச்ச கல்யாணம், ரெண்டு பேரும் மெல்ல மெல்ல பழகுறாங்க, அவ்ளோதான் கதை. ஒரு சீன்ல கரண்ட் போயிடுது, அவ படிச்சிட்டிருந்த பக்கத்தை முடிக்கிற வரைக்கும் அவன் எதுவும் பேசாம மொபைல் டார்ச்சைப் பிடிச்சிட்டே நிக்கிறான், கை மாத்தி கை மாத்தி. அங்க எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இதே மாதிரி கதை உங்களுக்கும் பிடிக்குமா?

பதில் 1:
ரொம்பப் பிடிக்கும் சிஸ்! முடிவு சுபம்னு முதல் எபிலயே (அத்தியாயத்துலயே) தெரியும், ஆனாலும் எப்படி சேருவாங்கன்னு பார்க்கத்தானே படிக்கிறோம். அடிக்கிற, மிரட்டுற ஹீரோவை எல்லாம் காதல்னு எழுதும்போது எனக்குக் கோபம் வரும். டார்ச் பிடிக்கிறவன்தான் ஹீரோ.

பதில் 2:
சீன் அழகா இருக்கு, ஆனா எனக்கு இந்த மாதிரி கதைல நடுவுல தொய்வு வந்துடும்ப்பா. ஒரு வார்த்தை பேசினா தீர்ற விஷயத்தை பத்து எபி இழுப்பாங்க பாருங்க, அது இதுல இருக்கா?

கேள்வி கேட்டவர்:
ஒரே ஒரு இடத்துல வருது, அதுவும் அடுத்த அத்தியாயத்துலயே அவளே போய் நேரா கேட்டுடுறா. அதனாலதான் அவளை எனக்கு அவ்ளோ பிடிச்சுது. ஹீரோவோட பார்வைல இன்னும் ரெண்டு அத்தியாயம் இருந்திருக்கலாம், அது மட்டும்தான் குறை.

பதில் 1:
அப்போ இன்னைக்கே ஆரம்பிச்சிடுறேன் சிஸ், முடிச்சிட்டு வந்து சொல்றேன்.