துப்பாக்கியைப் பூட்டி வை என்பது சுதந்திரத்தில் கை வைப்பதா?

கேள்வி: வீட்டில் குழந்தை இருந்தால் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சில மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. என் வீட்டில் எதை எங்கே வைப்பது என்பதில் அரசுக்கு என்ன வேலை?

பதில் 1: கிட்டத்தட்ட இதைத்தான் 2008 ஹெல்லர் வழக்கில் கேட்டார்கள். வாஷிங்டன் டிசியில் கைத்துப்பாக்கிக்குத் தடை, மற்றவற்றையும் கழற்றியோ விசையைப் பூட்டியோதான் வைக்கணும். உச்ச நீதிமன்றம் 5-4 என இரண்டையும் தள்ளிவிட்டது, ஆனால் விபத்தைத் தடுக்க, துப்பாக்கியைப் பத்திரமாக வைக்கச் சொல்லும் சட்டங்களை இது பாதிக்காது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் எடுத்துக்காட்ட மாட்டார்கள்!

பதில் 2: சட்டத்தை விடுங்கள். மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியை, கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நினைக்கிறவர்கள் நிறைய. சேம்பரில், அதாவது சுடும்போது தோட்டா நிற்கும் அறையில், ஒன்று உட்கார்ந்திருக்கலாம், ஸ்லைடை (மேலே நகரும் பாகத்தை) பின்னால் இழுத்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தடவினால்தான் தெரியும்.

கேட்டவர்: சரி, நடுராத்திரி ஒருவன் கதவை உடைத்தால் சாவியைத் தேடிக்கொண்டிருக்கவா?

பதில் 2: ரகசிய எண்ணை அழுத்தினால் சில நொடியில் திறக்கிற சின்னப் பெட்டகம் இருக்கிறதே, கட்டில் பக்கத்திலேயே வைக்கலாம். பேட்டரியை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள். நான் மறந்து முழித்திருக்கிறேன்.