ஓட்டு வீட்டின் பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை, ரிப்பீட்டர் வாங்கலாமா?

கேள்வி (திருவட்டாறு பக்கம்):
எங்களுடையது பழைய ஓட்டு வீடு, சுவர் ஒன்றரை அடி. அடுக்களையை ஒட்டிப் பின்னால் ஒரு கான்கிரீட் அறை கட்டினோம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. முன்னறையில் 90க்கு மேல் காட்டுகிறது, பின்னறையில் 3, 4தான். மாமிக்கு முட்டுவலி, அந்த அறைக் கட்டிலிலேயே இருக்கிறார். ராத்திரி மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் வீடியோ காலில் வருவார். படம் அப்படியே நின்றுவிடும். மாமி போனைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு "பேசு மக்களே, பேசு" என்பார். பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. ரவுட்டர் முன்னறையில் இரும்பு பீரோவின் மேல் இருக்கிறது. கடையில் ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும் பெட்டி) வாங்கச் சொல்கிறார்கள்.

பதில் (தக்கலை):
அக்கா, இப்போதைக்கு வாங்காதீங்க. பின்னறையில் வைத்தால் அங்கே வருகிற 4ஐத்தான் அதுவும் வாங்கித் தரும். முதலில் ரவுட்டரை பீரோவை விட்டு இறக்குங்கள், இரும்பு சிக்னலை மறிக்கும். வீட்டு நடுவில், நெஞ்சு உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையில் வரும். 5 வேகமானது, ஆனால் தடித்த சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். பின்னறை போனை 2.4இல் இணையுங்கள். அதில் சேனல் (அலைவரிசையின் உட்பிரிவு) 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றையொன்று உரசாது. அக்கம்பக்கத்தில் குறைவாக ஓடுவதைப் பார்த்து வையுங்கள்.

பதில் (மார்த்தாண்டம், வயரிங் வேலை):
தம்பி சொன்னது சரி. ஆனாலும் அந்தச் சுவர் அங்கேயேதான் இருக்கும். ரவுட்டரிலிருந்து பின்னறைக்கு, ஓட்டுக்கு அடியில் கழுக்கோல் ஓரமாக ஒரு கேட்6 (நெட்வொர்க்) கேபிள் இழுங்கள், 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்த்து விடாதீர்கள். பழைய ரவுட்டர் கிடந்தால் அதில் டிஹெச்சிபியை (போன்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, முதல் ரவுட்டரோடு மோதாதபடி அதன் ஐபி முகவரியை மாற்றி, கேபிளை அதன் லேன் துளையில் சொருகுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு. அப்புறம், ஐப்பசி இடிக்கு அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். ஃபைபரின் கண்ணாடி இழையில் இடியின் மின்சாரம் வராது, கரண்ட் லைன் வழியாக வரும். போன வருடம் மட்டும் எங்கள் தெருவில் மூன்று பெட்டி போயிற்று.

கேட்டவர் (பத்து நாள் கழித்து):
ரவுட்டரை நடுக்கூடத்துக்கு மாற்றியதும் பின்னறையில் 19 வந்தது. அதுவே பெரிசு. ஞாயிற்றுக்கிழமை 22 மீட்டர் கேபிள் இழுத்து, அலமாரியில் கிடந்த பழைய ரவுட்டரை மாட்டினோம். டிஹெச்சிபி நிறுத்துவதில்தான் மகள் அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள். இப்போது 80க்கு மேல். நேற்று மாமி முக்கால் மணி நேரம் பேசினார். சன்னல் பக்கம் போனைத் திருப்பி, பலா காய்த்திருப்பதையும் மகனுக்குக் காட்டினார். இருவருக்கும் ரொம்ப நன்றி.