புதுப்பிப்பு: கருப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த கால் பலவீனம்

களுவாஞ்சிக்குடியிலுள்ள என் சின்னம்மாவுக்கு, நார்க்கட்டிகளுக்காக வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றிய பின்னர், படி ஏறும்போது வலது முழங்கால் மடங்குகிறது என்று முன்னர் எழுதியிருந்தேன். முதுகில் போட்ட விறைப்பூசியே காரணம் என்று பலர் கருத்துத் தெரிவித்திருந்தீர்கள்.

அது காரணமல்ல என்று மட்டக்களப்பில் பார்த்த நரம்பியல் நிபுணர் கூறிவிட்டார். முழங்காலைத் தட்டினால் வரவேண்டிய துடிப்பு இல்லை. தொடையின் முன்புறம் மரத்திருக்கிறது. ஆனால் தொடைகளை உட்புறமாகச் சேர்க்கும் தசைகள் வலுவாகவே இருக்கின்றன. அத்தசைகளை இயக்கும் நரம்பும், முழங்காலை நிமிர்த்த உதவும் தொடை நரம்பும் நாரியின் (கீழ்முதுகின்) 2, 3, 4ஆம் நரம்பு வேர்களிலிருந்தே புறப்படுவதால், முதுகில் போட்ட ஊசியால் வேரில் பழுது ஏற்பட்டிருந்தால் இரண்டுமே தளர்ந்திருக்கும் என்பது அவர் விளக்கம். எனக்கு மிகவும் பிடித்த தர்க்கம் இதுதான்.

ஆகவே, வயிற்றை விரித்துப் பிடிக்கும் கருவியின் அலகு தொடை நரம்பை அழுத்தியிருக்கவே வாய்ப்பு அதிகம். மெலிந்த உடல்வாகுள்ளவர்களுக்கு (சின்னம்மாவும் அப்படித்தான்) இந்த ஆபத்துக் கூடுதலாம். தசை மின்பரிசோதனையை அவசரப்பட்டுச் செய்யவில்லை. நரம்பிழை அறுந்ததற்கான அறிகுறிகள் தசையில் தென்பட ஏறக்குறைய 3 கிழமைகள் ஆகும். பின்னர் செய்ததில், இழைகள் பெரும்பாலும் அறுபடவில்லை என்றே தெரிந்தது. இத்தகைய பாதிப்பு பொதுவாகச் சில மாதங்களில் சீராகும் என்பதால், இப்போதைக்கு முழங்கால் பட்டியும் இயன்மருத்துவமும் மட்டுமே தொடர்கின்றன.