காது பின்னாடி படாம கண்ணாடி போட வழி இருக்கா? அம்மாவுக்காக கேக்குறேன்

மஞ்சக்குப்பம்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க, கடலூர்லேந்து எழுதுறேன். அம்மாவுக்கு 61 வயசு. போன ஐப்பசியில இடது காதுக்குப் பின்னாடி எலும்புல ஆபரேஷன் ஆச்சு, ரொம்ப வருஷமா சீழ் வந்துக்கிட்டு இருந்த காது. இப்ப காது நல்லா இருக்கு, ஆனா மடலுக்குப் பின்னாடி பிறை மாதிரி ஒரு தழும்பு நின்னுடுச்சு, கண்ணாடியோட கால் வளைஞ்சு இறங்குற இடம் அச்சா அந்த தழும்பு மேலதான் உக்காருது. அரை மணி நேரம் போட்டா செவந்து எரியுதுன்னு கழட்டி வெச்சுடுறாங்க. டாக்டர் ஆறிடுச்சு பயம் இல்ல, ஆனா உரசல் மட்டும் வேணாம்னு சொல்லிட்டார்.

அம்மா வீட்ல ஜாக்கெட் தைக்கிறவங்க. ஊசியில நூல் கோக்கறதுலேந்து கொக்கி வெக்கிற வரைக்கும் கண்ணாடி இல்லாம ஒண்ணும் நடக்காது. ரெண்டு வாரமா ஒரு கையால கண்ணாடிய மூக்கு மேல புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால துணிய தள்ளுறாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. கிட்டத்துல பாக்க ரெண்டு கண்ணுக்கும் +2.50, தூரத்துக்கு +0.50 தான், சிலிண்டர், அதாவது கண்ணோட வளைவு சீரா இல்லாததுக்குப் போடற பவர், கிடையாது. தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில செக் பண்ணி எழுதி வாங்கின சீட்டு இருக்கு.

அம்மாவோட சித்தப்பா வீடு பாண்டியில இருக்கு, அங்க பிரெஞ்சுக்காரங்க காலத்து க்ரூப் போட்டோ ஒண்ணு மாட்டியிருக்கும், நடுவுல உக்காந்திருக்கிற துரைக்கு கண்ணாடி இருக்கும் ஆனா காதுக்குப் போற கம்பியே இருக்காது. சின்ன வயசுலேந்து அதைப் பாத்து அது எப்படி விழாம நிக்குதுன்னு யோசிச்சிருக்கேன். அந்த மாதிரி இப்ப கிடைக்குமா? ஒரு கடையில கேட்டதுக்கு காலு இல்லாம கண்ணாடி எப்படிம்மா நிக்கும்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஓடி_வாசி:

கடலூர் ஓடியில, அதாவது ஓல்ட் டவுன்ல, எங்க பக்கத்து வீட்டு பையனுக்கு பிறவியிலயே ஒரு காது மடல் இல்ல, அவனுக்கு காலுக்கு பதிலா ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் பட்டை வெச்சு தலைக்குப் பின்னாடி மாட்டுற மாதிரி போட்டு கொடுத்தாங்க. அம்மாவுக்கும் அது சரிப்படும்னு நினைக்கிறேன், கொண்டைக்கு மேல பட்டை போயிடும்.

பழைய_ஃபிட்டர்:

வணக்கம்மா. நான் முத்தியால்பேட்டை. கண்ணாடிக் கடையில 30 வருஷத்துக்கு மேல ஃபிட்டிங் டேபிள்ல உக்காந்தவன், இப்ப வீட்ல இருக்கேன். உங்களைப் பாத்து சிரிச்சது தப்பும்மா. ஏன்னா உலகத்துல முதல்ல வந்த கண்ணாடிக்கே கால் கிடையாது. 1200கள் கடைசியில இத்தாலியில ஆரம்பிச்சது, ரெண்டு வட்டத்தை ஒரு ஆணியில முடுக்கி கத்திரிக்கோல் மாதிரி விரிச்சு மூக்கு மேல வெச்சுக்கறது. 1352ல தொம்மாஸோ தா மொதேனான்னு ஒருத்தர் ட்ரெவிஸோ ஊர் மடத்துச் சுவர்ல ஒரு கார்டினல் அந்த மாதிரி கண்ணாடி மாட்டி எழுதிக்கிட்டு இருக்கற மாதிரி வரைஞ்சு வெச்சிருக்கார். அதுக்கப்புறம் 1720கள் வாக்குல லண்டன்ல எட்வர்ட் ஸ்கார்லெட்டுங்கிறவர் கடையிலதான் பக்கத்துக்கு ஒரு கம்பி வெச்சு வித்தாங்க. அந்தக் கம்பி கூட காதுல மாட்டல, முனையில சுருளோ வளையமோ வெச்சு நெத்திப்பொட்டுல, அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல, அழுத்தி நின்னுது. அதனாலதான் இன்னிக்கும் கண்ணாடிக் காலை டெம்பிள்னு சொல்றோம், இங்கிலீஷ்ல நெத்திப்பொட்டுக்கு அதுதான் பேரு. கணக்குப் போட்டா நானூறு வருஷத்துக்கு மேல ஜனங்க கால் இல்லாமலே ஓட்டியிருக்காங்க.

உங்க போட்டோ துரை போட்டது பான்ஸ்-நே. பிரெஞ்சுல மூக்கைக் கிள்ளுறதுன்னு அர்த்தம், பாண்டிக்காரங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. அது நிக்கிற வித்தை முழுக்க ரெண்டு லென்ஸையும் சேக்கற நடுப் பாலத்துலதான் இருக்கு. மூணு நாலு தினுசு உண்டு. ஒண்ணு, ஸி எழுத்து மாதிரி வளைஞ்ச ஸ்ப்ரிங் தகடு, விரிச்சு மாட்டி விட்டா அதுவே சுருங்கி மூக்கைப் புடிச்சுக்கும். அதுல ஒரு குறை, மூக்கு அகலத்துக்கு ஏத்த மாதிரி தகடு விரியும்போது லென்ஸும் கூடவே கொஞ்சம் திரும்பிடும். சிலிண்டர் பவர் இருக்கறவங்களுக்கு ஆக்ஸிஸ், அதாவது அந்தப் பவர் நிக்க வேண்டிய கோணம், மாறிப் போய் எழுத்து இழுக்கும். அதுக்காக நேர்க்கம்பியில ஸ்ப்ரிங் வெச்சு லென்ஸ் படுக்கைவாட்டுல மட்டும் நகர்ற மாதிரி ஒரு தினுசு பண்ணாங்க, பேரே ஆஸ்டிக், ஆஸ்டிக்மாட்டிஸம்ங்கிறதோட சுருக்கம். இன்னொண்ணுல பாலம் அசையவே அசையாது, முன்னாடி ரெண்டு குட்டி நெம்புகோல் இருக்கும், ரெண்டு விரலால கிள்ளினா மூக்குப் பேடு மட்டும் விரியும், விட்டா புடிச்சுக்கும். எனக்குப் புடிச்சது அதுதான், லென்ஸ் மத்தியும் கண்ணுமணியும் எப்பவும் ஒரே இடத்துல நிக்கும். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் போட்டோவுல மூக்கு மேல இருக்கறதும் பான்ஸ்-நேதான். 1912ல அவரைச் சுட்டப்போ குண்டு சட்டைப் பையில இருந்த மடிச்ச பேச்சுத் தாளையும் இரும்புக் கண்ணாடிக் கூட்டையும் துளைச்சுத்தான் உள்ள போச்சு, அதனால வேகம் குறைஞ்சு ஆள் பொழச்சார்.

சரி அம்மா விஷயத்துக்கு வரேன். மூக்குக்கண்ணாடின்னு நம்ம ஆளுங்க சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்க, கால் இருக்கற கண்ணாடியிலயும் எடையில பெரும்பங்கு மூக்குதான் தாங்குது. கால் செய்யற வேலை முன்னாடி வழுக்காம இழுத்துப் புடிக்கறது. கால் இல்லன்னா எடையையும் புடிப்பையும் மூக்கு ஒண்ணே செய்யணும், அதுக்குப் பக்கவாட்டுல அழுத்தணும். அதனால நாள் முழுக்க மாட்டிக்கிட்டு நடமாட அது சரி வராது, மூக்குல குழி விழும், வலிக்கும். ஆனா உக்காந்து தைக்கிற வேலைக்கு, அரை மணி முக்கால் மணி போட்டு கழட்டி வெக்கிறதுக்கு தாராளமா போதும். அதுவும் +2.50 லென்ஸ்னா கனமே இல்ல. பேடு உக்கார வேண்டிய இடம் கண்ணோட உள்மூலைக்குக் கொஞ்சம் கீழ, எலும்பு இருக்கற சரிவு. கீழ மெத்துனு இருக்கற இடத்துல வெச்சா மூச்சு அடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இது குளிர் ஊர்ல பழகின சாமான். நம்ம ஊர் கத்திரி வெயில்ல மூக்குல எண்ணெயும் வேர்வையும் சேந்தா சர்ருனு இறங்கும். மாட்டறதுக்கு முன்னாடி மூக்கையும் பேடையும் சோப்பு போட்டு கழுவித் துடைச்சா நல்லா நிக்கும். கழுத்துல கயிறு கட்டாயம், அந்தக் காலத்துலயும் ரிப்பனோ சங்கிலியோ கோத்துத்தான் போட்டாங்க.

மஞ்சக்குப்பம்_பொண்ணு:

ஐயா ரொம்ப ரொம்ப நன்றிங்க, அம்மாவுக்கு முழுசா படிச்சுக் காட்டினேன், அந்த நெத்திப்பொட்டு சமாச்சாரத்தை ரெண்டு தடவ கேட்டாங்க. அம்மா மூக்குத்தி போட்டிருக்காங்க, அது இடிக்குமா? அப்புறம் வெளிய கிளம்பும்போது, பஸ் போர்டு பாக்கவெல்லாம் என்ன பண்றது?

லாஸ்பேட்டை_தம்பி:

அக்கா, நான் ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனைப் படிப்பு, மூணாவது வருஷம் படிக்கிறேன், லென்ஸ் பக்கம் கொஞ்சம் சொல்றேன். இப்ப ஆன்லைன்ல கால் இல்லாத ரீடிங் கண்ணாடி ரெடிமேடா கிடைக்குது, போன் பின்னாடி கவர்ல சொருகி வெக்கிற மாதிரி தட்டையா இருக்கும். பாலம் நிட்டினால் கம்பியில வர்றது வாங்குங்க, அது நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம், மாட்டறதுக்கு நல்லா விரிச்சாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிடும், சாதா கம்பி நாலு தடவ விரிச்சா தளர்ந்து போயிடும். லென்ஸ் பாலிகார்பனேட்னா இன்னும் நல்லது, சாதா ஃபைபர் லென்ஸை விட லேசு. கண்ணாடிக் கல்லுல போட்டா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனம், பான்ஸ்-நேவுக்கு அது ஆகவே ஆகாது.

ரெடிமேடுல ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் வரும், சிலிண்டர் வராது, அம்மாவுக்கு அது பிரச்சனையே இல்ல. பாக்க வேண்டியது பிடி, அதாவது ரெண்டு கண்ணுமணிக்கும் நடுவுல உள்ள தூரம். கிட்டத்துல பாக்கும்போது கண்ணு ரெண்டும் உள்பக்கம் திரும்பறதால அது மூணு நாலு மில்லிமீட்டர் குறையும், லென்ஸ் மையம் அதுக்குத் தோதா இருக்கணும். தப்பினா என்ன ஆகும்னா, விலகின தூரத்தை சென்டிமீட்டர்ல எடுத்து பவரால பெருக்கினா அவ்வளவு ப்ரிஸம், அதாவது பார்வை பக்கவாட்டுல இழுபடற அளவு. மொத்தம் 4 மில்லிமீட்டர் விலகினா 0.4 பெருக்கல் 2.5, ஒரு ப்ரிஸம். அதைப் பெரும்பாலும் கண்ணு சமாளிச்சுடும், ஆனா மணிக்கணக்கா ஊசி நூல்னு உத்துப் பாக்கறவங்களுக்கு தலைவலி வரலாம். அரவிந்த்ல கொடுத்த சீட்டுல பிடி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா எந்தக் கடையிலயும் ஒரு நிமிஷத்துல அளந்து சொல்லிடுவாங்க.

தூரத்துக்கு +0.50 தானே, கண்ணாடி இல்லாமலே பஸ் போர்டு தெரியுதான்னு பாருங்க. எங்க பெரியம்மாவுக்கு அதே பவர், தெருவுல போகும்போது போடறதே இல்ல.

பழைய_ஃபிட்டர்:

தம்பி நல்லா சொன்னார். மூக்குத்தி இடிக்காதும்மா, அது நாசியில கீழ இருக்கு, பேடு மேல எலும்புல. கழட்டும்போது மட்டும் கயிறு மாட்டிக்காம பாத்துக்கணும்.

வெளிய போட கண்ணாடி வேணும்னா ஒரு வழி சொல்றேன், இதைக் கடையில கேட்டு வாங்குங்க. காது பின்னாடி வளைஞ்சு இறங்குற கால் வேணாம், நேரா போற கால் வேணும்னு சொல்லுங்க, லைப்ரரி டெம்பிள்னு பேரு. அது காதுக்கு மேல நேரா தலைமுடிக்குள்ள போய் நின்னுடும், மண்டையோட பக்கத்துல லேசா அணைச்சுப் புடிக்கும், கீழ தழும்புக்கு வேலையே இல்ல. பழைய ஷெல் ஃப்ரேம், அதாவது பிளாஸ்டிக் ஃப்ரேம், வீட்ல இருந்தா புதுசு கூட வேணாம், ஹீட்டர்ல காட்டி வளைவை நிமித்திடலாம், நீளம் ஜாஸ்தின்னா முனையை அறுத்து ராவி மழமழன்னு பண்ணிடலாம். காலோட உள்பக்கம் 50, 18, 140னு மூணு நம்பர் போட்டிருக்கும், லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கால் நீளம், எல்லாம் மில்லிமீட்டர். அம்மா மூக்குக்கு பாலம் சரியா உக்காந்த ஃப்ரேமாப் பாத்து எடுங்க, பாலம் அகலமா இருந்தா நேர்க்கால் கண்ணாடி வழுக்கிக்கிட்டே இருக்கும். தழும்போட மேல் முனை எங்க முடியுதுன்னு பாத்துட்டு அறுக்கச் சொல்லுங்க, அவசரப்பட்டு அளவில்லாம வெட்ட விட்டுடாதீங்க. மறுபடி அந்த இடத்துல நீர் கசிஞ்சாலோ வீங்கினாலோ கண்ணாடி கடைக்குப் போகாதீங்க, நேரா காது டாக்டர்கிட்ட காட்டுங்க.

மஞ்சக்குப்பம்_பொண்ணு:

பதினாறு நாள் கழிச்சு எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க. நிட்டினால் பாலம் வெச்சது ஒண்ணு +2.50ல வரவெச்சோம், பிடி அளந்து பாத்ததுல அம்மாவுக்கு கிட்டத்துக்கு 58 வந்துச்சு, அதுக்குப் பக்கத்துல இருக்கறதா எடுத்தோம். முதல் நாள் ரெண்டு தடவ மடியில விழுந்துச்சு, ஐயா சொன்ன மாதிரி சோப்பு போட்டு கழுவினதுக்கப்புறம் நிக்குது. முக்கால் மணி நேரம் தைக்கிறாங்க, கழட்டும்போது மூக்குல ரெண்டு பக்கமும் சின்னதா செவப்பு அச்சு, ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மறைஞ்சுடுது. மூச்சு அடைக்கல, மூக்குத்தியும் இடிக்கல.

பழைய ப்ரௌன் ஷெல் ஃப்ரேமை எடுத்துட்டுப் போய் வேற ஒரு கடையில நிமித்தித் தரச் சொன்னோம். அந்தக் கடைத் தம்பி அம்மாவை உக்கார வெச்சு தழும்பைப் பாத்து பென்சில்ல கோடு போட்டு, இடது காலை மட்டும் ரெண்டு சென்டிமீட்டர் அறுத்து ராவிக் கொடுத்தார், வலது கால் அப்படியே வளைவோட இருக்கு. கோயிலுக்கு அதைத்தான் போட்டுட்டுப் போறாங்க.

கயிறு நான் கடையில வாங்கப் போனேன், வேணாம்னுட்டாங்க. மெரூன் ஜாக்கெட்டுக்கு வெட்டின பைப்பிங் துணி மிச்சம் இருந்துச்சு, அந்தக் கால் இல்லாத கண்ணாடிய மாட்டிக்கிட்டே அந்தத் துணியில கயிறு தெச்சு கழுத்துல போட்டுக்கிட்டாங்க.