ஏற்பி உட்கருவிலா, வெளியிலா?

செந்தூல்வாசி:
வலி நிவாரண ஜாமுவில் (மூலிகை மருந்தில்) டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலக்கப்படுவதைப் பற்றி நேற்று எழுதிய பட்டர்வொர்த் மருந்தாளர் ஐயா, "மருந்து வருவதற்கு முன்பே ஏற்பி உயிரணுவின் கருவுக்குள் காத்திருக்கும், அதனால்தான் அதற்கு அணுக்கரு ஏற்பி என்று பெயர்" என்று அடித்துச் சொல்லியிருந்தார். ஜாமு பற்றிய எச்சரிக்கை சரி. ஏற்பி என்பது உயிரணுவில் ஹார்மோனோ மருந்தோ வந்து பொருந்தும் புரதம்; அதைப் பற்றிய வாக்கியம் பிழை. டெக்ஸாமெத்தசோன் பொருந்தும் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி, மருந்து வரும்வரை பெரும்பாலும் கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில், எச்எஸ்பி 90 முதலிய துணைப் புரதங்களின் பிடியில் இருக்கிறது. மருந்து பொருந்திய பிறகே அது உள்ளே சென்று, டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களைப் பற்றிச் சில மரபணுக்களைத் தூண்டுகிறது, அழற்சியை வளர்ப்பவற்றை அடக்குகிறது. பினாங்குப் பாலம் என்று பெயர் இருப்பதால் அதன் மறுமுனை தீவுக்கு வெளியே, பெருநிலத்துப் பிறை ஊரில் இல்லை என்று ஆகிவிடுமா?

பட்டர்வொர்த் மருந்தாளர்:
பிறையும் பினாங்கு மாநிலம்தான் என்பதைக் கோலாலம்பூர்க்காரர்களுக்கு யாராவது சொல்லுங்கள். தைராய்டு ஏற்பி, ஹார்மோன் இல்லாதபோதும் டிஎன்ஏ மீது அமர்ந்து, ஒடுக்கும் புரதங்களைத் துணைக்கு அழைத்து மரபணுவை அடக்கி வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. மனிதரிடம் இவ்வகை ஏற்பிகள் 48 உள்ளன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டாம்.

செந்தூல்வாசி:
ஜாமுவில் கலந்தது தைராய்டு ஹார்மோனா? நீங்கள் எழுதியது டெக்ஸாமெத்தசோனைப் பற்றி. மனிதக் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியின் மரபணு வரிசை 1985-இலேயே வெளிவந்துவிட்டது. இன்னும் பெயரைப் பார்த்து இருப்பிடம் சொல்வது அழகா? மீண்டும் கேட்கிறேன்: அந்த ஏற்பி மருந்து வருமுன் எங்கே இருக்கிறது?

ஆயர் ஈத்தாம் ஆசிரியை:
இருவருமே முதலில் சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். 'அணுக்கரு' என்றால் என் மாணவர்கள் அணுகுண்டைத்தான் நினைப்பார்கள். உயிரணுவில் இருப்பது உட்கரு.

பட்டர்வொர்த் மருந்தாளர்:
நன்றி அம்மா. சென்ற தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பந்தலில் மோரா, பானகமா என்று இதே செந்தூல்வாசி மூன்று நாள் வாதாடியதை நான் மறக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
இருப்பிடத்தோடு கதை முடிவதில்லை. மார்பகப் புற்றுநோய் மருந்தான தமோக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கிறது, கருப்பையில் அதையே தூண்டுகிறது. அந்தந்தத் திசுவில் ஏற்பியோடு சேரும் துணைப் புரதங்கள் வேறு என்பது இதற்கு முக்கியக் காரணம். உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து வரும் வளர்ச்சிச் சமிக்ஞைகள் ஏற்பியில் பாஸ்பேட்டை ஏற்றி, ஹார்மோன் இல்லாமலே அதை இயக்கக்கூடும். சில மார்பகப் புற்றுநோய்கள் அம்மருந்துக்கு அடங்காமல் போவதற்கு இதுவும் ஒரு வழி. ஜாமு குடித்து முகம் உருண்டு போனவர் அதைத் திடீரென்று நிறுத்தினால், உடலின் சொந்த ஸ்டீராய்டு ஹார்மோனான கார்ட்டிசாலின் சுரப்பு அடங்கிப் போயிருப்பதால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று இருவரில் ஒருவரும் எழுதவில்லையே?

செந்தூல்வாசி:
நல்ல விளக்கம், ஆனால் என் கேள்வி அதுவன்று. மேலும், மோர் என்று சொன்னவன் நான்தான். அதிலும் நான் சொன்னதே சரி. ஏற்பி எங்கே இருக்கிறது?

பட்டர்வொர்த் மருந்தாளர்:
ஹார்மோன் இல்லாதபோதும் அது உள்ளே போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே உட்கருவில் இருக்கிறது என்று நான் எழுதியதில் பிழை இல்லை.

செந்தூல்வாசி:
போய் வருபவர் காத்திருப்பவர் ஆவாரா? நீங்கள் எழுதிய சொல் 'காத்திருக்கும்'. படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியை:
'அணுக்கரு' என்ற சொல்லை இன்னும் யாரும் திருத்தவில்லை.