உலர் ஈயா, மிதப்புப் பூச்சியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ட்ரவுட் மீனுக்குப் போடும் ‘டிரை ஃபிளை’யை, அதாவது தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் கட்டிச் செய்து நீர்மேல் மிதக்கவிடும் போலிப்பூச்சியை, தமிழில் ‘உலர் ஈ’ என்று எழுதலாம் என்று நம் சொற்பட்டியலுக்கு முந்தைய மடலில் ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உலர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது உலர் திராட்சைதான். முன்பு ஈரமாக இருந்து, காய்ந்து சுருங்கிய ஒன்று. இந்தப் பூச்சியோ நனையவே கூடாதது.

‘ஈ’யும் பொருந்தவில்லை. ஈ என்றால் நம் மனத்தில் வருவது பலாச்சுளையில் மொய்ப்பது. ட்ரவுட் மேலெழுந்து வந்து தின்னும் மே ஃபிளை வேறு சாதி. ஆற்றின் அடியில் மாதக்கணக்கில் கிடந்து, ஒருநாள் நீர்மட்டத்துக்கு வந்து சிறகு விரித்து, ஓரிரு நாளில் செத்துவிடும். சிறகைப் பாய்மரம் போல நிமிர்த்திக்கொண்டு தண்ணீர்மேல் உட்கார்ந்து போகும். அதைப் பூச்சி என்று சொன்னாலே போதும்.

என் முன்மொழிவு: மிதப்புப் பூச்சி.

இதற்கு ஒரு வலுவான சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரின் டெஸ்ட், இட்சன் ஆறுகள் சுண்ணாம்புப் பாறையில் ஊறி, கண்ணாடி போல ஓடுபவை. அங்கே மீன்பிடித்து இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தவர் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட். 1886இல் வந்த அவருடைய நூலின் தலைப்பில் ‘மிதக்கும் பூச்சிகள்’ என்றுதான் இருக்கிறது. ‘டிரை’ என்ற சொல் 1889இல் வந்த நூலின் தலைப்பில்தான் ஏறுகிறது. தண்ணீரில் விழவிடாமல் காற்றிலேயே முன்னும் பின்னுமாக வீசி ஈரத்தை உதறுவார்களே, அதிலிருந்து வந்த பெயர் அது. உதறுவது எதற்கு? மிதப்பதற்கு. அப்படியானால் மிதப்பையே பெயராக வைப்பதுதான் முறை.

‘மிதபூச்சி’ என்று சுருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். மிதவாதம், மிதவெப்பம் என்று பழகியவர்களுக்கு அது ‘மிதமான பூச்சி’ என்று படும். வேண்டாம். நீருக்குள் அமிழவிடும் ‘வெட் ஃபிளை’க்கு அமிழ்பூச்சி சரியாக அமைகிறது. சின்ன மீனைப் போலவும் இறாலைப் போலவும் கட்டுகிறார்கள். அவற்றையும் சேர்த்த பொதுப்பெயராகக் கட்டிரை என்று சொல்லலாம்.

கட்டுவது என்ற வினையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பூ கட்டுகிறோம், தூண்டில் கட்டுகிறோம். இதுவும் அதே விரல் வேலை. நான் மிச்சிகனில் குளிர்கால இரவுகளில் ‘ஆடம்ஸ்’ என்ற மிதப்புப் பூச்சியைக் கட்டுவேன். இதே மாநிலத்தில், 1922இல், மேஃபீல்டு என்ற சிற்றூரில் லென்னர்ட் ஹாலடே கட்டியது. ஒஹையோவிலிருந்து வந்த சார்ல்ஸ் ஆடம்ஸ் என்ற வழக்கறிஞர் அதை போர்ட்மன் ஆற்றில் போட்டுப் பார்த்தார். பூச்சிக்கு அவர் பெயரே நின்றுவிட்டது.

14ஆம் எண் தூண்டில் முள்ளை வைஸ் என்ற பிடிகருவியில் கவ்வவைத்து நூல் சுற்றுகிறேன். வாலுக்கு விறைத்த இறகிழைகள் கொஞ்சம். சிறகுக்கு, கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்குவரி ஓடிய சேவல் இறகின் நுனிகள் இரண்டு, நிமிர்த்தி. உடம்புக்கு மஸ்க்ராட் என்ற நீர்வாழ் எலியின் சாம்பல் நிற அடிமயிர். அதைச் சிட்டிகை அளவு பிய்த்து, மெழுகு தடவிய நூலில் வைத்து விளக்குத் திரி போலத் திரிக்க வேண்டும். ‘டப்பிங்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதற்கு நமக்குத் திரித்தல் என்ற சொல் கையிலேயே இருக்கிறது. திரி தடித்துவிட்டால் பூச்சி தண்ணீர் குடிக்கும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் என் முதல் நாலைந்து பூச்சிகள் அப்படித்தான் கெட்டுப்போகின்றன.

அப்புறம் ‘ஹேக்கிள்’. செவலை நிறக் கழுத்திறகு ஒன்று, வரியிறகு ஒன்று, இரண்டையும் சேர்த்து முள்ளின் தலைப்பக்கம் சுற்றினால் இழைகள் சுற்றிலும் குத்திட்டு நிற்கும். நீர்ப்பரப்பின் தோல் கிழியாமல், அந்த இழைநுனிகளின் மேல்தான் பூச்சி நிற்கிறது. இதற்குத் ‘தூவி’ என்று ஒரு பரிந்துரை வந்தது. அழகான சொல்தான். ஆனால் குறள் அன்னத்தின் தூவியை அனிச்சத்தோடு சேர்த்து மென்மைக்குக் காட்டுகிறது. இங்கே நமக்கு வேண்டியது விறைப்பு. மென்மையான இறகு தண்ணீரில் துவண்டுவிடும், அது அமிழ்பூச்சிக்கு ஆகும். சண்டைக்கு நிற்கும் சேவல் கழுத்தைச் சிலிர்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இறகைக் கழுத்திறகு என்றும், சுற்றிய பின் நிற்கும் வளையத்தைச் சிலிர்ப்பு என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நமக்குப் பிரித்துச் சொல்ல வாய்ப்பிருக்கும்போது ஏன் விட வேண்டும்?

ஆற்றில் எனக்குப் பெரிய பாடம் கற்றுத்தந்தது இழுவை, அதாவது தூண்டில் கயிறு பூச்சியை இழுத்துவிடுவது. ஒரு மாலை, போர்ட்மனில், அக்கரை ஓரமாக ஒரு மீன் வளையம் வளையமாக எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரோட்டப் பக்கம் மூன்றடி தள்ளிப் பூச்சியை விழவைத்தேன். நடுவில் ஓடிய வேகமான நீர் கயிற்றை முன்னால் இழுக்க, பூச்சி சின்னதாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு போனது. மீன் ஏறி வந்து, பார்த்து, திரும்பிவிட்டது. அடுத்த வீச்சில் கயிற்றின் வயிற்றைத் தூக்கி எதிரோட்டப் பக்கம் போட்டேன். பூச்சி இலை போல வந்தது. மூக்கு மேலே வந்து அதை உறிஞ்சியது.

இலை போல வரும் அந்தப் போக்கை ‘டெட் டிரிஃப்ட்’ என்கிறார்கள். ‘செத்த மிதப்பு’ என்று பெயர்த்துவிடாதீர்கள், கேட்டுக்கொள்கிறேன். கணியன் பூங்குன்றனாரின் புணை நீர்வழிப் படுகிறதே, அங்கிருந்து ‘நீர்வழி’யை எடுத்துக்கொள்வோம். பூச்சியை நீர்வழி விடு, நீர்வழி தவறியது என்றெல்லாம் வாயிலும் வரும்.

நீலகிரியில் ட்ரவுட் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. அவலாஞ்சியில் அதற்கென்று பொரிப்பகமும் உண்டு. அந்த ஓடைகளைப் பற்றித் தமிழில் எழுத வருகிறவருக்கும் இந்தச் சொற்கள் தேவைப்படும்.

ஒன்று மிச்சம். ‘பாரசூட்’ என்ற கட்டுமுறையில் சிலிர்ப்பை முள்ளைச் சுற்றாமல், நிமிர்ந்த சிறகின் அடியைச் சுற்றிப் படுக்கையாக விடுவார்கள். பூச்சி தாழ்ந்து உட்காரும், சிறகு நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ‘குடைக்கட்டு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். பட்டியலில் அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.